குளிர்கால ஒலிம்பிக்கின் தொடக்க விழாவும் நிறைவு விழாவும்: கோலாலம்பூரில் கேட்கப்பட்ட கேள்விகள்

2026 பிப்ரவரி 7, சனிக்கிழமை அதிகாலை மூன்று மணிக்கு, செந்தூலில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்குக் கீழே இருக்கும் மாமாக் கடையில், மிலான் நகரத்துத் தொடக்க விழாவைப் பார்ப்பதற்காக நாங்கள் ஒன்பது பேர் கூடியிருந்தோம். பாதிப் பேர் நான் முன்பு பணியாற்றிய தமிழ்ப்பள்ளியின் பழைய மாணவர்கள். மற்றவர்கள் அவர்களுடைய பெற்றோரும் பிள்ளைகளும். காற்பந்து இல்லையா என்று கடைக்காரர் இரண்டு முறை கேட்டார். தே தாரிக் ஆறுவதற்குள் கேள்விகள் தொடங்கிவிட்டன. அன்றும், பிப்ரவரி 23 அதிகாலையில் நிறைவு விழாவின்போதும், அதன் பிறகு வாட்ஸ்அப் வழியாகவும் வந்த கேள்விகளைத் தொகுத்து, விடைகளைச் சரிபார்த்து இங்கே எழுதியிருக்கிறேன்.

போட்டிகள்தாமே முக்கியம்? தொடக்க விழா, நிறைவு விழா என்று இரண்டு எதற்கு?

கோயில் திருவிழாவில் கொடியேற்றாமல் சுவாமி புறப்பாடு இல்லை; கடைசி நாளில் கொடியிறக்காமல் திருவிழா முடிந்ததாகக் கணக்கும் இல்லை. ஒலிம்பிக்கும் ஏறத்தாழ அதே ஒழுங்கில்தான் இயங்குகிறது. போட்டியை ஏற்று நடத்தும் நாட்டின் தலைவர் திறந்து வைப்பதாக அறிவிக்கும் கணத்தில்தான் முறைப்படி விளையாட்டுகள் தொடங்குகின்றன; அனைத்துலக ஒலிம்பிக் மன்றத்தின் தலைவர் முடிந்ததாக அறிவித்துச் சுடர் அணையும்போதுதான் முடிகின்றன. நடைமுறையில் இதற்கு விலக்கும் உண்டு. இடமும் நாளும் போதாமையால் சில ஆட்டங்கள் விழாவுக்கு முன்பே நடந்துவிடுகின்றன. 2026-இல், பனிக்கட்டியில் கனமான கல்லை வழுக்கவிட்டு ஆடும் கர்லிங் ஆட்டங்கள் தொடக்க விழாவுக்கு இரண்டு நாள் முன்னதாகவே தொடங்கிவிட்டன.

முதல் குளிர்கால ஒலிம்பிக் என்று நாம் இன்று சொல்வது 1924 ஜனவரி 25 அன்று பிரான்சின் ஷமோனியில் 16 நாடுகளோடு தொடங்கியது. ஆனால் அப்போது அதற்கு அந்தப் பெயர் இல்லை. குளிர்கால விளையாட்டு வாரம் என்றுதான் நடத்தினார்கள். ஒலிம்பிக் என்ற தகுதி பின்னால் வந்து சேர்ந்தது. அங்கும் அணிவகுப்பு இருந்தது, உறுதிமொழியும் இருந்தது. அதை எடுத்தவர் பிரான்சு வீரர் காமீ மாந்திரியோன். பெயர் வருவதற்கு முன்பே சடங்கு வந்துவிட்டது.

நம் நேரப்படி எப்போது பார்க்க வேண்டும்?

குளிர்காலத்தில் இத்தாலி மலேசியாவைவிட ஏழு மணி நேரம் பின்தங்கியிருக்கும். அங்கே பிப்ரவரி 6 இரவு எட்டு மணி என்றால் நமக்கு 7-ஆம் தேதி அதிகாலை மூன்று மணி. பெய்ஜிங்குக்கும் நமக்கும் நேர வேறுபாடே இல்லை என்பதால், 2022-இல் இரவு உணவை முடித்துவிட்டு வசதியாக உட்கார்ந்து பார்த்தோம். 2018-இல் தென்கொரியாவின் பியோங்சாங் விழா நமக்கு மாலை ஏழு மணிக்கே வந்தது. இம்முறை நிறைவு விழா நோன்பு மாதத்தில் விழுந்ததால், நோன்புக்கு முந்தைய அதிகாலை உணவான சஹூருக்கு எழுந்த அண்டை வீட்டார் இருவர் கடைக்கு வந்து எங்களோடு சேர்ந்துகொண்டார்கள்.

விழாவில் எது கட்டாயம், எது நடத்தும் நாட்டின் விருப்பம்?

அதிகம் பேர் கேட்ட கேள்வி இதுதான். இதற்கு விடை தெரிந்துகொண்டால் மூன்று மணி நேர விழாவும் அலுக்காது என்பது என் அனுபவம்.

தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டிக்குப் போனவர்களுக்கு இதன் எலும்புக்கூடு ஏற்கெனவே தெரியும். சிவப்பு இல்லம், நீல இல்லம் என்று கொடி பிடித்து வரும் அணிவகுப்பு, கொடியேற்றம், வலக்கையை உயர்த்தி ஒரு மாணவன் படிக்கும் உறுதிமொழி, திடலைச் சுற்றி ஓடிவரும் தீப்பந்தம், கூடாரத்துக்குள் உட்கார்ந்திருக்கும் சிறப்பு விருந்தினரின் திறப்புரை ஆகிய ஐந்தும் ஒலிம்பிக்கிலிருந்து இறங்கி வந்து பள்ளித் திடலில் குடியேறியவை. ஒலிம்பிக்கில் இவை சாசனத்தில் எழுதப்பட்டவை. நடத்தும் நாடு இவற்றை அழகுபடுத்தலாம், சிலவற்றின் இடத்தைச் சற்று மாற்றலாம், ஆனால் விட்டுவிட முடியாது. நாட்டுத் தலைவரும் ஒலிம்பிக் மன்றத் தலைவரும் அரங்கில் நுழைவது, நடத்தும் நாட்டின் கொடியும் பண்ணும், விளையாட்டாளர் அணிவகுப்பு, அமைதிப் புறாவைக் குறிக்கும் ஒரு காட்சி, உரைகள், திறப்பு அறிவிப்பு, ஒலிம்பிக் கொடியும் பண்ணும், உறுதிமொழி, சுடரேற்றம் ஆகியவை அந்தக் கட்டாயப் பகுதிகள். ஆட்டம், பாட்டு, வாணவேடிக்கை, நாட்டின் வரலாற்றைச் சொல்லும் காட்சிகள் எல்லாம் இவற்றுக்கு இடையில் நிரப்பப்படுபவை.

திறப்பு அறிவிப்பு ஒரே ஒரு வாக்கியம். நகரத்தின் பெயரையும் எத்தனையாவது குளிர்கால ஒலிம்பிக் என்பதையும் மட்டும் மாற்றிக்கொண்டு, எழுதிக் கொடுத்ததை அப்படியே படிக்க வேண்டும். நம் ஊர் மேடைகளில் திறப்புரை என்ற பெயரில் அரை மணி நேரம் பேசுபவர்களுக்கு இந்த விதியை யாராவது அனுப்பி வைத்தால் நல்லது. 2002-இல் சால்ட் லேக் சிட்டியில் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ், தம் நாட்டைப் பெருமையும் உறுதியும் நன்றியும் கொண்ட நாடு என்று குறிப்பிடும் சில சொற்களை அந்த வாக்கியத்துக்கு முன்னால் சேர்த்துக்கொண்டார். செப்டம்பர் 11 தாக்குதல் நடந்து ஐந்து மாதம்கூட ஆகாத நேரம் அது. ஆனாலும் மரபு மீறப்பட்டது என்ற பேச்சு எழுந்தது. சில சொற்கள் கூடியதே செய்தியாகும் அளவுக்கு இந்த வாக்கியம் இறுக்கமானது.

ஒலிம்பிக் பண் 1896-இல் ஏதென்சில் முதன்முதலாகப் பாடப்பட்டது. 1958-இல்தான் நிரந்தரப் பண்ணாக ஏற்கப்பட்டது. பெய்ஜிங்கில் அதைப் பாடியவர்கள் ஹெபெய் மாநிலத்து மலைப்பகுதியிலிருந்து வந்த 44 கிராமப் பிள்ளைகள். புலி ஆண்டு என்பதால் காலில் புலித்தலை பின்னிய துணிச் செருப்பு அணிந்து, கிரேக்க மொழியிலேயே பாடினார்கள். கட்டாயச் சடங்கையும் நாட்டின் மணத்தையும் ஒன்றாகக் கட்டிய இடமாக எனக்கு இன்றும் நினைவில் நிற்பது அந்தச் செருப்புகள்தாம்.

நாடுகள் எந்த வரிசையில் வருகின்றன?

ஒலிம்பிக் பிறந்த நாடு என்பதால் கிரீஸ் முதலில் வரும். நடத்தும் நாடு கடைசியில் வரும். அடுத்தடுத்த போட்டிகளை நடத்தவிருக்கும் நாடுகள் அதற்குச் சற்று முன்னால் வருவது அண்மைக்கால வழக்கம். மற்ற நாடுகள் நடத்தும் நாட்டு மொழியின் அகரவரிசைப்படி வரும். சீன மொழியில் அகரவரிசை இல்லாததால், பெய்ஜிங்கில் நாட்டுப் பெயரின் முதல் எழுத்தை எழுதுவதற்கு எத்தனை கோடுகள் இழுக்க வேண்டும் என்ற கணக்கில் வரிசைப்படுத்தினார்கள். மலேசியாவின் சீனப் பெயர் குதிரையைக் குறிக்கும் எழுத்தில் தொடங்குகிறது. அதற்கு மூன்றே கோடுகள். அதனால் கிரீஸ், துருக்கி, மால்டா, மடகாஸ்கர், உடனே மலேசியா. பாதியில்தான் நம் கொடி வரும் என்று எண்ணித் தண்ணீர் குடிக்க எழுந்து போனவர்கள் அன்று அதைத் தவறவிட்டார்கள்.

தமிழ் நெடுங்கணக்கில் நடத்தினால் எப்படி இருக்கும் என்று ஒரு மாணவி கேட்டாள். அசர்பைஜானும் அண்டோராவும் முன்னால் வரும். கிரந்த எழுத்துகளில் தொடங்கும் ஜப்பான், ஸ்பெயின், ஹங்கேரி எல்லாம் வால்பகுதிக்குப் போய்விடும். தனித்தமிழ் அன்பர்கள் சப்பான் என்று எழுதி அதை மேலே ஏற்றிவிடுவார்கள் என்பது வேறு.

மலேசியா எப்போதிலிருந்து கலந்துகொள்கிறது?

2018 முதல். பியோங்சாங்கில் நம் அணியில் இருவர் இருந்தனர்: கோலாலம்பூரில் பிறந்த ஐஸ் ஸ்கேட்டிங் வீரர் ஜூலியன் யீ, மலைச்சரிவு ஸ்கீயிங் வீரர் ஜெஃப்ரி வெப். தொடக்க விழாவில் கொடியை ஏந்தியவர் யீ. வணிக வளாகத்தின் நடுவே, சுற்றிலும் உணவுக் கடைகள் இருக்க, சண்வே பிரமிட் பனித்தளத்தில் சறுக்கிப் பழகிய பிள்ளை அவர். 2022-இல் ஜெஃப்ரி வெப்போடு அருவின் சாலேஹுடின் என்ற பெண் வீராங்கனை பங்கேற்றார். பனியே பெய்யாத நாட்டின் அணி திரையில் தெரிவது அரை நிமிடத்துக்கும் குறைவுதான். என் வீட்டில் அந்த அரை நிமிடத்துக்காகவே தொலைக்காட்சியைத் திறந்தார்கள்.

தமிழில் பனிச்சறுக்கு என்ற ஒரே சொல்லை நாம் இரண்டுக்கும் பயன்படுத்துவதால் குழப்பம் வருகிறது. பனிக்கட்டித் தளத்தில் கத்தி பொருத்திய காலணியோடு செய்வது ஸ்கேட்டிங். மலைச்சரிவின் வெண்பனியில் நீண்ட பலகைகளைக் காலில் கட்டிக்கொண்டு செய்வது ஸ்கீயிங். யீ முதல் வகை, வெப் இரண்டாம் வகை.

2014-இல் இந்திய வீரர்கள் தேசியக் கொடி இல்லாமல் வந்ததாக அப்பா சொல்கிறார். உண்மையா?

உண்மை. இந்திய ஒலிம்பிக் சங்கம் அப்போது இடைநீக்கம் செய்யப்பட்டிருந்ததால், ரஷ்யாவின் சோச்சியில் நடந்த தொடக்க விழாவில் மூன்று இந்திய வீரர்களும் ஐந்து வளையக் கொடியின் கீழ்தான் நடந்தார்கள். போட்டிகள் நடந்துகொண்டிருந்தபோதே, பிப்ரவரி 11 அன்று, இடைநீக்கம் விலக்கப்பட்டது. அதற்குள், சறுக்குவண்டியில் மல்லாந்து படுத்துப் பனித்தடத்தில் இறங்கும் லூஜ் விளையாட்டின் வீரர் சிவ கேசவனின் போட்டி முடிந்துவிட்டது. நிறைவு விழாவில் இந்தியக் கொடி வந்தது. இரண்டு விழா எதற்கு என்ற முதல் கேள்விக்கு அந்த மூவரிடம் கேட்டால் வேறு விடை கிடைத்திருக்கும்.

சுடர் எங்கிருந்து வருகிறது? யார் ஏற்றுவது?

கிரேக்க நாட்டின் பழைய ஒலிம்பியாவில், குழிவான ஆடியொன்றில் சூரிய ஒளியைக் குவித்துச் சுடரை ஏற்றுகிறார்கள். வானம் மூடியிருந்தால் என்ன செய்வார்கள் என்று கேட்பவர்களுக்கு: ஒத்திகையில் வெயிலிலேயே ஏற்றிய சுடரைப் பாதுகாத்து வைத்திருப்பார்கள். 2025 நவம்பரில் மழை அச்சத்தால் விழாவை ஒலிம்பியா அருங்காட்சியகத்துக்குள் மாற்றியபோது அப்படிச் சேமித்த சுடர்தான் கைகொடுத்தது.

ஆனால் குளிர்கால ஒலிம்பிக்குக்கு இந்த மரபு தொடக்கம் முதலே இருந்ததில்லை. 1936-இல் ஜெர்மனியின் கார்மிஷில்தான் முதன்முதலாகக் குளிர்காலச் சுடர் எரிந்தது. அப்போது தொடரோட்டம் கிடையாது. 1952-இல் ஓஸ்லோ நகரத்தார் சுடரைக் கிரீசிலிருந்து கொண்டுவரவில்லை. நவீன ஸ்கீயிங்கின் முன்னோடியான சோண்ட்ரே நூர்ஹைம் பிறந்த மோர்கெடால் என்ற சிற்றூரில், அவர் வீட்டு அடுப்பில் நெருப்பை மூட்டி, ஸ்கீ வீரர்கள் கைமாற்றிக் கொண்டுவந்தார்கள். வெயில் நாட்டுச் சுடரைவிடப் பனி நாட்டு அடுப்பு நெருப்புதான் குளிர்கால விளையாட்டுக்குப் பொருத்தம் என்பது என் கட்சி. 1964-இல் இன்ஸ்புருக் முதல் எல்லாம் ஒலிம்பியா என்றாகிவிட்டது.

ஏற்றும் விதத்தில்தான் ஒவ்வொரு நாடும் தன் கைவரிசையைக் காட்டும். 1956-இல் இத்தாலியின் கோர்த்தினாவில் சுடரை ஏந்திப் பனித்தளத்தில் சறுக்கி வந்த குவிதோ கரோலி, தரையில் கிடந்த ஒலிவாங்கிக் கம்பி தடுக்கி விழுந்தார். விழுந்தாலும் பந்தத்தைக் கீழே விடவில்லை, சுடரும் அணையவில்லை. எழுந்து போய்க் கொப்பரையை ஏற்றினார். 1994-இல் நார்வேயின் லில்லஹாமரில், எரியும் பந்தத்தோடு ஒரு வீரர் தாவுமேடையிலிருந்து காற்றில் பாய்ந்து இறங்கினார். அதற்கென்று முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் பயிற்சியில் காயமடைந்ததால், மாற்றாளராக இருந்த ஸ்டைன் குரூபென் அதைச் செய்தார். கொப்பரையை ஏற்றியவர் இளவரசர் ஹோக்கன்.

2022-இல் பெய்ஜிங் இதற்கு நேர்மாறாகச் செய்தது. கொப்பரையே இல்லை. கலந்துகொண்ட நாடுகளின் பெயர்ப்பலகைகளால் ஆன பெரிய பனித்துகள் வடிவத்தின் நடுவில், கடைசி இருவர் கையிலிருந்த பந்தத்தை அப்படியே பொருத்திவிட்டார்கள். அந்தச் சிறு சுடர்தான் போட்டி முழுவதும் எரிந்தது. திருவண்ணாமலையில் மலைமேல் ஏற்றும் கொப்பரையையே தீபம் என்று பார்த்து வளர்ந்த எங்கள் தாயாருக்கு இது பிடிக்கவில்லை. அகல் விளக்கைக் காட்டி ஏமாற்றிவிட்டார்கள் என்றார். எனக்குப் பிடித்திருந்தது.

2026-இல் இரண்டு கொப்பரைகள். மிலான் நகரின் அமைதி வளைவில் டெபோரா கொம்பான்யோனி, அல்பெர்த்தோ தொம்பா ஆகிய பழைய ஸ்கீயிங் வாகையர் இருவர் ஒன்றை ஏற்ற, கோர்த்தினாவில் சோஃபியா கோஜ்ஜா மற்றொன்றை ஏற்றினார். லியொனார்தோ தா வின்சி வரைந்த முடிச்சுக் கோலங்களை ஒட்டி அமைத்த கொப்பரைகள் அவை. கரோலி விழுந்து எழுந்து சரியாக எழுபது ஆண்டு கழித்து அதே ஊரில் மறுபடியும் சுடர் எரிந்தது.

ஒரே விழாவுக்கு ஏன் இரண்டு கொப்பரை? நிறைவு விழா ஏன் மூன்றாவது ஊரில்?

பனி மலையில் இருக்கிறது, பெரிய அரங்கம் நகரத்தில் இருக்கிறது. மிலானிலிருந்து கோர்த்தினாவுக்குச் சாலை வழியே சுமார் 400 கிலோமீட்டர். கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்குப் போவதைவிட அதிகம். மறுநாள் போட்டி இருப்பவர்களை இரவில் பேருந்தில் ஏற்றி இறக்க முடியாது என்பதால், மிலானின் சான் சீரோ அரங்கம் தவிர கோர்த்தினா, லிவின்யோ, பிரெதாட்சோ ஆகிய மலை ஊர்களிலும் ஒரே நேரத்தில் அணிவகுப்பு நடந்தது. விழாவுக்கு வைத்த பெயர் ‘அர்மோனியா’. இசைவு என்று பொருள். சான் சீரோ நம் காற்பந்து இரசிகர்களுக்குத் தெரிந்த இடம்தான்: ஏசி மிலானும் இண்டர் மிலானும் ஆடும் அரங்கம், 1926-இல் திறக்கப்பட்டது. கடைக்காரர் முதன்முதலாகத் திரையை ஏறிட்டுப் பார்த்தது அந்தப் பெயரைக் கேட்டபோதுதான்.

நிறைவு விழா வெரோனா நகரத்து அரங்கில் நடந்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் உரோமானியர் கட்டிய கல் அரங்கம். கோடைகாலத்தில் அங்கே இசை நாடகங்கள் நடக்கும்.

நேரலையில் கோளாறு ஏற்பட்டதே இல்லையா?

ஏற்பட்டிருக்கிறது. இந்த இரண்டு விழாக்களுக்கும் இடையிலான உறவு எனக்குப் புரிந்ததே அப்படிப்பட்ட இரண்டு கோளாறுகளால்தான்.

2010 பிப்ரவரி 12, வான்கூவர். அரங்கின் தரையிலிருந்து நான்கு தூண்கள் எழும்பி நடுவில் கொப்பரையைத் தாங்க வேண்டும். நான்கு பேர் நான்கு தூண்களின் அடியில் தீ வைக்க வேண்டும். மூன்று தூண்கள்தாம் எழுந்தன. நான்காவது, தரைக்கதவு பழுதானதால் உள்ளேயே சிக்கிக்கொண்டது. வேகச் சறுக்கு வீராங்கனை கத்ரியோனா லெமே டோன் கையில் எரியும் பந்தத்தோடு, ஏற்றுவதற்கு ஒன்றும் இல்லாமல், உலகமே பார்க்க நின்றார். மற்ற மூவரும் ஏற்றினார்கள். அவர் சிரித்தபடி பந்தத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். பதினாறு நாள் கழித்து நிறைவு விழாவின் முதற்காட்சியில், மின்பணியாளர் உடையணிந்த கோமாளி ஒருவர் தரைக்குள்ளிருந்து வந்தார். இரண்டு கம்பிகளை இணைத்துப் பொறி பறக்கவிட்டு, கயிற்றைப் பிடித்து இழுப்பதுபோல் நடித்து, அந்த நான்காவது தூணை மேலே கொண்டுவந்தார். பிறகு லெமே டோன் ஓடிவந்து அதை ஏற்றினார்.

2014, சோச்சி. ஐந்து பெரிய பனித்துகள்கள் வானில் விரிந்து ஐந்து வளையங்களாக வேண்டும், நான்குதான் விரிந்தன. ரஷ்யத் தொலைக்காட்சி அந்தக் கணத்தில் ஒத்திகையில் எடுத்த படத்தைப் போட்டுத் தன் நாட்டு மக்களிடம் மறைத்துவிட்டது. ஆனால் நிறைவு விழாவில் வெள்ளி உடையணிந்த நடனக் கலைஞர்கள் நான்கு வளையங்களாக விரிந்து, ஐந்தாவது கூட்டம் மட்டும் சுருங்கியே நின்று, அரங்கம் சிரித்து முடித்த பிறகு மெல்ல விரிந்தது.

இதைச் சொல்லும்போது எங்கள் பள்ளி விளையாட்டுப் போட்டி நினைவுக்கு வந்தது. பால் டின்னில் கந்தல் துணியைத் திணித்து மண்ணெண்ணெய் ஊற்றி நான் செய்த தீப்பந்தத்தை ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் திடலைச் சுற்றிக் கொண்டுவந்தான். தூறலில் அது பாதி வழியில் அணைந்தது. யாரோ ஒருவர் சிகரெட் லைட்டரால் மேடையில் தீயை மூட்டிவிட்டு, நிகழ்ச்சி தொடரட்டும் என்றார். அந்தப் பையன் அணைந்த டின்னைப் பிடித்தபடி அங்கேயே நின்றான். பரிசளிப்பின்போதாவது அவனை மறுபடியும் ஓடவிட்டிருக்கலாம், எனக்குத் தோன்றவில்லை. இப்போது கிராப் ஓட்டும் அந்த மாணவன் அன்று இரவு மேசையின் எதிர்ப்பக்கம்தான் உட்கார்ந்திருந்தான். “சார், அது பால் டின் இல்லை. மைலோ டின்” என்றான்.

விழா நாளில் துயரம் நேர்ந்தால்?

வான்கூவரில் அதே நாள் காலை, ஜார்ஜியாவைச் சேர்ந்த லூஜ் வீரர் நோடார் குமாரிதாஷ்விலி பயிற்சியின்போது தடத்திலிருந்து தூக்கி எறியப்பட்டு உயிரிழந்தார்; வயது 21. விழாவை நிறுத்தவில்லை, அவருக்கு உரித்தாக்கினார்கள். ஜார்ஜிய அணி கறுப்புப் பட்டை கட்டி, கொடியில் கறுப்பு நாடா சுற்றி நடந்து வந்தபோது அரங்கமே எழுந்து நின்றது. பிறகு மௌன அஞ்சலி; கொடிகள் அரைக்கம்பத்துக்கு இறங்கின.

அந்தக் குளிரில் எப்படி மூன்று மணி நேரம் உட்காருகிறார்கள்?

பியோங்சாங் அரங்கம் 35,000 பேர் அமரக்கூடிய, கூரையில்லாத ஐங்கோண அரங்கம். ஒலிம்பிக், பாராலிம்பிக் ஆகியவற்றின் நான்கு விழாக்களுக்கு மட்டும் கட்டிப் பிறகு பிரித்துவிட்டார்கள். ஒவ்வோர் இருக்கையிலும் போர்வையும் சூட்டுப் பொதியும் வைத்திருந்தார்கள். கூரைக்குள் தொடக்க விழா நடத்திய முதல் குளிர்கால ஒலிம்பிக் வான்கூவர்தான்.

பாடகர்களுக்குத்தான் சோதனை. 2006-இல் தூரின் விழாவில் உலகமே எழுந்து கைதட்டிய லூச்சியானோ பவரொட்டியின் பாட்டு, குளிரையும் அவர் உடல்நிலையையும் கருதி முன்பே ஒலிப்பதிவு செய்யப்பட்டது என்பதைப் பின்னர் இசை நடத்துநரே சொன்னார். அதுவே அவர் கடைசியாகத் தோன்றிய பெரிய மேடை. மறு ஆண்டு மறைந்தார். பதிவு என்று தெரிந்தும் அதை நான் குறையாக எண்ணவில்லை.

நிறைவு விழாவில் வீரர்கள் ஏன் நாடு நாடாக வராமல் கும்பலாக வருகிறார்கள்?

1956-இல் மெல்பர்ன் கோடைகால ஒலிம்பிக்கின்போது, ஜான் இயன் விங் என்ற சீன வம்சாவளிப் பதின்ம வயது இளைஞர், கடைசி நாளில் எல்லா நாட்டவரும் ஒரே நாடாக நடக்கட்டும் என்று ஏற்பாட்டாளருக்குக் கடிதம் எழுதினார். ஏற்றுக்கொண்டார்கள். கொடிகள் மட்டும் தனியே வரிசையில் வரும்; அவற்றை ஏந்தியவர்களுக்குப் பின்னால் மற்றவர்கள் கலந்து, தோளில் ஏறி, கைப்பேசியில் படம் பிடித்தபடி வருவார்கள். வென்றவரும் தோற்றவரும் அடையாளம் தெரியாமல் வரும் அந்தப் பத்து நிமிடத்துக்காகவே நான் நிறைவு விழாவை மேலாக மதிக்கிறேன்.

நிறைவு விழாவின் கட்டாயப் பகுதிகள் எவை?

கிரேக்கப் பண், தொண்டூழியர்களுக்கு நன்றி, ஒலிம்பிக் கொடியிறக்கம், அடுத்த நகரத்திடம் கொடி ஒப்படைப்பு, உரைகள், முடிவு அறிவிப்பு, சுடர் அணைப்பு. நெடுந்தொலைவு ஸ்கீயிங் போட்டியின் பதக்கங்களையும் இந்த மேடையில் வழங்குவது வழக்கமாகியிருக்கிறது.

கொடி ஒப்படைப்பைக் கவனித்துப் பாருங்கள். நடத்திய நகரத்தின் மேயர் கொடியை ஒலிம்பிக் மன்றத் தலைவரிடம் கொடுக்க, அவர் அடுத்த மேயரிடம் கொடுப்பார். குளிர்காலப் போட்டிகளுக்கென்று 1952-இல் ஓஸ்லோ நகரம் கொடுத்த கொடியிலிருந்து தொடங்கிய வழக்கம் இது. 2022-இல் கொடியைப் பெற மிலான், கோர்த்தினா மேயர்கள் இருவர் சேர்ந்து மேடையேறினார்கள். ஒரு கம்பத்தை இரண்டு பேர் எப்படிப் பிடித்து ஆட்டுவது என்று எங்கள் மேசையில் ஒரு விவாதமே நடந்தது.

கோலாலம்பூருக்கும் இதற்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு, பலருக்குத் தெரியாது. பெய்ஜிங்குக்கு 2022 குளிர்கால ஒலிம்பிக் கிடைத்தது கோலாலம்பூரில்தான். 2015 ஜூலை 31, வெள்ளிக்கிழமை, இரட்டைக் கோபுரத்தை அடுத்த மாநாட்டு மையத்தில் அனைத்துலக ஒலிம்பிக் மன்றத்தின் 128-ஆவது கூட்டம் நடந்தது. போட்டியில் இருந்தவை பெய்ஜிங்கும் கசக்ஸ்தானின் அல்மாத்தியும். மின்னணு வாக்களிப்பில் கோளாறு ஏற்பட்டதால் காகிதச் சீட்டில் மறுபடியும் வாக்களித்தார்கள். 44-க்கு 40 என்ற கணக்கில் பெய்ஜிங் வென்றது. இரண்டு பேர் மாற்றிப் போட்டிருந்தால் சமநிலை.

அடுத்து, 2017-இல் கோலாலம்பூரில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியில் (தென்கிழக்காசிய நாடுகளின் போட்டி) பனிக்கட்டி விளையாட்டுகள் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டன. டாமன்சாராவில் அமைத்த பனித்தளத்தில் ஜூலியன் யீ தங்கம் வென்றார். அதன் தொடக்க விழா புக்கிட் ஜாலில் அரங்கில் சிறப்பாக நடந்தாலும், நினைவு மலரில் இந்தோனேசியக் கொடி தலைகீழாக அச்சாகிவிட்டதால் மறுநாள் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. கொடிகளைச் சரிபார்ப்பதற்கென்றே ஒருவரை நியமிப்பதன் அருமை அப்போது தெரிந்தது.

மலேசியாவில் குளிர்கால ஒலிம்பிக் விழா நடத்த முடியுமா?

விழாவை நடத்தலாம், போட்டியை எங்கே நடத்துவது?

பிள்ளைகளோடு பழைய விழாக்களைப் பார்க்க விரும்புகிறேன். எதிலிருந்து தொடங்கலாம்?

ஒலிம்பிக்கின் சொந்த இணையத்தளத்தில் பல விழாக்களின் பதிவுகள் இருக்கின்றன. முழு விழாவைப் போட்டால் பிள்ளைகள் அரை மணி நேரத்தில் எழுந்து போய்விடுவார்கள். முதலில் வான்கூவர் தொடக்க விழாவின் சுடரேற்றம், உடனே அதன் நிறைவு விழாவின் முதல் ஐந்து நிமிடம். பிறகு அதேபோல் சோச்சியின் இரண்டு விழாக்கள். அதன் பின் பெய்ஜிங்கில் புறா விளக்கேந்தி ஆடும் குழந்தைகள்: கூட்டத்திலிருந்து விலகி நின்றுவிட்ட ஒரு சிறுமியை இன்னொரு சிறுமி ஓடிவந்து கைபிடித்து அழைத்துப் போவதை அவர்களே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

அடுத்த குளிர்கால ஒலிம்பிக் 2030-இல் பிரான்சின் ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் நடக்கவிருக்கிறது. அங்கும் இத்தாலியின் அதே நேரம்தான் என்பதால், விழா இரவில் நடந்தால் நமக்கு மறுபடியும் அதிகாலைதான். கடைக்காரரிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டோம்.